பிஸ்டன் தலையில் மாவிளக்கு

சகலைகளுக்குள் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் மாமனாருக்கு ஒரே பெண் என்று அர்த்தம். என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வசந்தாவை நான் கட்டிக்கொண்டேன். இளையவளைக் கட்டிக்கொண்டவன் தாமோதரன். அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். (இப்போதும்தான். மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் அது வேறு எரிச்சல் என்கிறார்.)

தொண்ணூறாம் வருஷத்துப் பக்கம் எங்கள் இருவரிடமும் ஒரே மாடல் பழைய கார் இருந்தது. கிரிவலம் போகிறவர்கள் எங்கள் வண்டிகளை நடந்தே முந்துவார்கள். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, இரண்டும் ஒரே லட்சணம் என்று. அதற்குள் தாமோதரனுக்கு, சென்னையில் ரேஸ் கார் தயார் செய்கிற ஆட்களோடு சிநேகம் உண்டாகிவிட்டது. இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அதற்கு மூடியாக மேலே உட்கார்ந்திருப்பது ஹெட். தலை மேடாக இருக்கிற பிஸ்டனைப் போட்டு, ஹெட்டின் அடியையும் கொஞ்சம் சீவிவிட்டால் நடுவில் இடம் குறையும், வெடி பலமாகும், வண்டி பறக்கும். இடம் ரொம்பக் குறைந்துபோனால் ஹெட்டிலிருந்து இறங்குகிற வால்வு பிஸ்டன் தலையில் இடிக்கும். (இந்தக் கடைசி வரி அப்போது எனக்குத் தெரியாது.)

வேவு பார்க்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன்.

"வா சகலை" என்றபடி ஹெட்டைத் தூக்கினான். பிஸ்டன் தலையில் பிசைந்த மாவைத் தட்டி வைத்திருந்தான். மாவில் அழகாக இரண்டு குழி. பிளேடால் அதைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஸ்கேல் வைத்து அளந்தான்.

என்ன இது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். அப்புறம் எனக்கே விளங்கிவிட்டது. மாவு, அதில் நெய்க்குக் குழி: மாவிளக்கு! இன்ஜினுக்குப் படைத்துவிட்டுப் பிரசாதத்தைப் பங்கு போடுகிறான். அதையும் ஸ்கேல் வைத்து அளக்கிறானே, கஞ்சப் பயல் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவன் வண்டி பறந்தது. அந்தச் சமயம் பார்த்து மச்சான் சேகருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வீடு கீழ்பென்னாத்தூர்.

"பெரிய மாப்ள வண்டி மேடு ஏறவே மூச்சு வாங்குது. சேகரு சின்ன மாப்ள வண்டில வரட்டும்" என்றார் மாமனார், என் இலையில் வடையை வைத்துக்கொண்டே. மூத்த மாப்பிள்ளை நான் இருக்கும்போது! எனக்கு வடை இறங்கவில்லை. (மூன்றுதான் சாப்பிட்டேன்.)

மறுநாளே மெக்கானிக் பாஷாவிடம் போனேன். தாமோதரன் போட்டதைவிட மேடான பிஸ்டன். ஹெட்டிலும் அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சீவச் சொன்னேன்.

"சார், பிஸ்டன்ல மேடு ஜாஸ்தி. ஹெட்டுல எடம் கம்மியா கீது. வால்வு இடிச்சுதுன்னா?"

"தாமோதரனுக்கு இடிச்சுதா?"

"அவரு வண்டிய நான் தொட்டதே இல்லியே சார்."

"அப்ப போடு!"

ஹெட்டை மூடுவதற்கு முன் வசந்தாவிடம் சொன்னேன்.

"இன்னாங்க, இன்ஜினுக்குப் போயி மாவிளக்கா?"

"உன் தங்கச்சி வூட்டுக்காரன் வெச்சான்."

அது போதுமே. உடனே பச்சரிசியை ஊறப் போட்டாள். (பொறாமை எங்கள் வீட்டில் பொதுச் சொத்து.) வெல்லம், ஏலக்காய் போட்டு இடித்து, நாலு பிஸ்டன் தலையிலும் வைத்து, நெய் ஊற்றித் திரி ஏற்றினோம். பாஷா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பிரசாதத்தில் தாராளமாக ஒரு பிடி அவனுக்கும் கொடுத்தேன். அளக்கவில்லை.

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. உள்ளே லேசாக ஒரு டிக் டிக். புதுசு அப்படித்தான் இருக்கும் என்று பாஷாவுக்கு நானே விளக்கம் சொன்னேன். வசந்தா அப்பாவிடம் போய் ஒரு பாட்டம் அழுதாள். மாப்பிள்ளை என் வண்டியில் வருவதாக முடிவாயிற்று.

பட்டு வேட்டியும் மாலையுமாகச் சேகர் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் தாமோதரன், மாமனாரை ஏற்றிக்கொண்டு, அடக்கமாக வந்துகொண்டிருந்தான். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

"மாமா, மெதுவா போங்க. முகூர்த்தம் நாளைக்குத்தான்."

இன்னும் அழுத்தினேன். அண்டா குண்டாவெல்லாம் பரணிலிருந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை. தாமோதரன் இறங்கி வந்து இரண்டு வண்டிக்கும் நடுவில் கயிறு கட்டினான்.

மாப்பிள்ளை அழைப்பு இப்படி நடந்தது: முன்னால் மேளம், அடுத்து தாமோதரன் வண்டியில் சேகர், அதற்குப் பின்னால் கயிற்றில் நான். பெண் வீட்டார் எனக்கும் பன்னீர் தெளித்தார்கள். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கும்பிடு போட்டேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்துக் கொல்லையில் உறவுக் கூட்டம் சூழ்ந்து நிற்க, தாமோதரன் என் வண்டியின் ஹெட்டைத் திறந்தான். வால்வுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தன. போல்ட் ஓட்டை ஒன்றிலிருந்து எதையோ நிமிண்டி எடுத்து முகர்ந்தான்.

"சகலை, ஏலக்கா வாசனை வருது!"

"மாவிளக்குங்க. நீங்களும்தானே வெச்சீங்க?" என்றாள் வசந்தா.

தாமோதரன் என்னைப் பார்த்தான். "நானா? அது கோதும மாவு, சகலை. மாவ வெச்சு, ஹெட்ட மூடி, இன்ஜின கையால சுத்துனா வால்வு வந்து அமுக்கும். குழியில மாவு எவ்ளோ கனம் மிஞ்சுதோ, அவ்ளோதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல எடம்." டயர் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கல்யாணப் பெண்கூடச் சிரித்தாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது எதோடு பொருந்தும் என்று பார்ப்பதற்கும் பெயர் 'மாவு வெச்சுப் பாக்கறது'. பீரோ வாங்கினாலும் சரி, ரவிக்கை தைத்தாலும் சரி. பல வருஷம் கழித்து என் பெண்ணுக்கு வரன் வந்தது. பத்துப் பொருத்தமும் பிரமாதம். மாமனார் ஜாதகத்தை மடித்து வைத்தார்.

"இதெல்லாம் கெடக்கட்டும். மாவு வெச்சுப் பாத்தீங்களா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். அதோடு விட்டாரா?

"நீங்க வெக்காதீங்க பெரிய மாப்ள, வெளக்கு ஏத்திடுவீங்க. சின்ன மாப்ள போயி விசாரிச்சுட்டு வரட்டும்."

தாமோதரன்தான் போய் விசாரித்துவிட்டு வந்தான். நல்ல இடம். என் மாப்பிள்ளை தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் என் வீட்டில் பையை வைத்த கையோடு, சின்ன மாமனாரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறான்.