தங்கை மகள் ஜெனிபரின் சிபாரிசு

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

ஆண்டவருடைய கிருபையால் மணவாள நகரில் மாப்பிள்ளையோடும் மகளோடும் சுகமாக வாழ்ந்துவரும் தங்கை ஹெலனுக்கு, அண்ணன் பாக்கியராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி சாராள், மகன் ராபின் மூவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது.

கையில் போனை வைத்துக்கொண்டு அண்ணன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெனிபர் சிரிக்கிறாள். ஆகவே இதை ஒட்டி மாப்பிள்ளை அன்பு கையில் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் அவர் ஆறு மாதமாக நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தபால்காரர் உத்தியோகம்தானே பார்க்கிறார். மத்தியானம் கம்பெனி பஸ்ஸில் திருவள்ளூரிலிருந்து வந்து இறங்கும்போதே சாப்பாட்டுப் பையில் உன் மகள் கொடுத்த நாவல் ஒன்று இருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அதை என் கையில் திணிப்பார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ராபினிடம் சேர்க்க வேண்டும், படித்து முடித்ததும் அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டும். இருபது வருடம் ரோலிங் மில்லில் பிட்டராக உழைத்தவனுக்கு இப்படியொரு பதவி உயர்வு கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

புத்தகமாவது சும்மா வருகிறதா? ஒவ்வொன்றுக்குள்ளும் டாக்டர் எழுதித் தருவது போல ஒரு சீட்டு. பதினேழு வயதுக்காரி பதினாறு வயதுக்காரனுக்கு எழுதுகிறாள்: "முதல் ஐம்பது பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படி. அதற்கப்புறம் உனக்குச் சோறு இறங்காது." உன் மகள் வாய்க்குச் சர்க்கரை போடு, ஹெலன். அவள் சொன்னபடியே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தொடாமல் ஒருவன் எழுந்து போனால் பெற்றவள் என்ன நினைப்பாள்? சாராள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். ரத்தம் எடுத்தார்கள். டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை, மஞ்சள் காமாலை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் நாவல் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் வரவில்லையாம். நாங்கள் வரிசையில் நின்று ரிசல்ட் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவன் பெஞ்சில் உட்கார்ந்து மீதி நாற்பது பக்கத்தையும் முடித்துவிட்டான்.

அடுத்து வந்தது மஞ்சள் அட்டை போட்ட புத்தகம். இதற்கு ஜெனிபர் சீட்டில் ஒரே வரிதான்: "இதை நீ கட்டாயம் படிக்க வேண்டும், ஏன் என்று சொல்ல மாட்டேன்." அதைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வருகிறேன், இத்தனை நாள் இல்லாமல் அன்றைக்குச் செக்யூரிட்டி சுப்பராயன் பையைத் திறந்து பார்த்தார். எங்கள் கம்பெனியில் வெளியிலிருந்து ஒரு ஸ்பேனர் வந்தால்கூட உள்ளே நுழையும்போதே ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. எழுதாத எதுவும் கம்பெனிச் சொத்து. அதைக் கேட் பாஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோனால் திருட்டு.

"இன்னா பாக்கியராஜ், இது எப்போ உள்ள வந்துச்சு?"

"இப்பதான் சார், மாப்பிள்ளை எடுத்துக்கினு வந்தாரு."

"ரெஜிஸ்டர்ல இல்லியே. உள்ளயே வராத பொருளு எப்படிப்பா வெளிய போவும்?"

கேள்வி நியாயமானது. பதில் தேடி ஸ்டோர்ஸுக்குப் போனேன், எந்த மெஷினுக்கான பொருள் என்று கேட்டார்கள். ஆபீசுக்குப் போனேன், எந்த டிபார்ட்மென்ட் வாங்கியது என்று கேட்டார்கள். என் மருமகள் சிபாரிசு செய்தது என்றேன். நான் ஏதோ வேலைக்குச் சிபாரிசு பிடிக்க வந்திருக்கிறேன் என்று அந்த அதிகாரி நினைத்து, அதெல்லாம் இங்கே நடக்காது என்று விரட்டினார். மூன்று நாள் இப்படி அலைந்தேன். அந்த மூன்று நாளும் புத்தகம் எங்கே இருந்தது? சுப்பராயன் மேசையில், விரித்தபடி. கேட்டில் இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன, அவர் தலையைத் தூக்காமல், "இருப்பா, பேஜாரு பண்ணாத, இந்தப் பையன் வேலைக்குப் போறானா இல்லியான்னு பாத்துர்றேன்" என்கிறார். கடைசியில் பாஸ் வந்தது. பொருள்: புத்தகம். எண்ணிக்கை: ஒன்று. திருப்பித் தரத்தக்கது. அதாவது முப்பது நாளில் நான் அதை மறுபடி கம்பெனிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அதற்கிடையில் சுப்பராயன் தன் மகள் நர்மதாவிடம் சொல்லி, அவள் ராபினிடம் வாங்கி, நாலு சிநேகிதிகளுக்குச் சொல்லி, இப்போது எங்கள் தெருவில் எட்டுப் பிள்ளைகள் சோறு இறங்காமல் திரிகிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து சாட்சி நேரம் வந்தது. வழக்கமாக அதில் என்ன சொல்வார்கள்? காய்ச்சல் போனது, பரீட்சையில் பாஸானது, வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். பாஸ்டர் பீட்டர் வாலிபப் பிள்ளைகளை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். எதிர்வீட்டுச் செல்வி எழுந்தாள். "நான் ஆறு மாசமா ஒரு புக்குகூட படிக்காம இருள்ல கெடந்தேன். ராபின் அண்ணன் ஒரு புக்கு குடுத்தாரு. ரெண்டே நாள்ல என் வாழ்க்கையே மாறிடுச்சு" என்றாள். பழக்க தோஷத்தில் பாஸ்டர் அல்லேலூயா சொல்லிவிட்டார், சபையும் கூடச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி வாங்க முடியுமா?

அந்தத் தைரியத்தில் என் பிள்ளை எழுந்தான். கையில் மஞ்சள் புத்தகம். "இதுல ஒரு அப்பா வருவாரு. மில்லுல வேலை. ஊட்டுக்கு வருவாரு, சாப்புடுவாரு, படுத்துக்குவாரு. பையன்கிட்ட மார்க்கு எவ்ளோன்னு மட்டும் கேப்பாரு. எங்க ஊட்லயும் அப்படித்தான். படிக்கச் சொல்லோ எனக்கு எங்கப்பா ஞாபகமாவே இருந்துச்சு. அல்லாரும் படிங்க" என்றான். சபை மொத்தமும் புத்தகத்தைப் பார்க்கவில்லை ஹெலன், திரும்பி என்னைப் பார்த்தது. சாராள்கூடப் பார்த்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் பொய் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் இரண்டு வைத்திருப்பேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே, என்ன செய்வது? எட்டு மணி நேரம் மில் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவனுக்கு வாயை மூடிக்கொண்டு கிடப்பதுதான் ஓய்வு. அவனிடம் பேச எனக்கு ஆசை இல்லையா? என்ன பேசுவது என்று தெரியாமல்தான் மார்க்கைக் கேட்கிறேன். நம் அப்பா நம்மிடம் அதைக்கூடக் கேட்டதில்லை, அதற்காக நீயோ நானோ அவரைச் சபையில் எழுந்து சிபாரிசு செய்தோமா?

இப்போது ஜெனிபர் தன் கைங்கரியத்தின் உச்சத்தைச் செய்திருக்கிறாள். வரும் சனிக்கிழமை திருவள்ளூர் புத்தகக் கண்காட்சியில் இளம் வாசகர் மேடையாம், ஆளுக்கு ஐந்து நிமிடமாம், பிள்ளைகளே தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் சிபாரிசு செய்வார்களாம். ராபின் பெயரை இவளே கொடுத்துவிட்டாள். அவன் அதே மஞ்சள் புத்தகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறான். என் கையெழுத்துக்காக ஒரு பாரம் நாலு நாளாக டிவி மேல் கிடக்கிறது. கம்பெனி பஸ்ஸில் வருகிற பாதிப் பேர் திருவள்ளூர்க்காரர்கள். அவர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, மைக்கில் என் வண்டவாளத்தைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை என் முகத்தில் முழிக்க வேண்டும், அதுதானே உங்கள் ஏற்பாடு? நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஜெனிபரிடம் சொல்லி அவன் பெயரை எடுத்துவிடு. இனிமேல் புத்தகமும் அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவேன் என்றால், சிறந்த தொழிலாளி விருது வாங்கிய ஒரு அப்பாவைப் பற்றி எவனாவது நாவல் எழுதியிருக்கிறானா என்று தேடி அனுப்பச் சொல்.

கர்த்தர் உன் குடும்பத்தைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம், அவர் முதுகு வலிக்கு அண்ணி தைலம் கொடுத்திருக்கிறாள். ஜெனிபர் பெரிய படிப்பெல்லாம் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, யாருக்கும் எதையும் சிபாரிசு செய்ய நேரமில்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
பாக்கியராஜ்.

பி.கு: கவரை ஒட்டித் தரச் சொல்லி ராபினிடம் கொடுத்தேன். அவனுக்கு எதைக் கையில் கொடுத்தாலும் படிக்கிற வியாதி, உனக்குத் தெரியுமே. நின்றபடியே முழுவதும் படித்துவிட்டான். பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "ப்பா, அந்தப் புக்குல அந்த அப்பா கடைசி வரிக்கும் வாயத் தொறக்கவே மாட்டாரு. நீ நாலு பக்கம் பேசிக்கீற" என்றான். அப்புறம், "சனிக்கிழமை அந்தப் புக்கச் சொல்லி முடிச்சிட்டு, இதையும் படிக்கட்டுமா?" என்று கேட்டான். என் மானத்தை என் கையெழுத்தாலேயே வாங்கப் போகிறாயா என்றேன். அதற்கு அவன் சிரித்தான் ஹெலன், என்னைப் பார்த்து அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை ஷிப்டைக் கூட வேலை செய்யும் மோகன்ராஜிடம் மாற்றிக்கொண்டேன். மேடையில் படிக்க ராபினிடம் வேறு பிரதி கிடையாது, நீ படித்ததும் இந்தக் கடிதத்தைக் கசக்காமல் சனிக்கிழமைக்குள் மாப்பிள்ளை கையில் திருப்பி அனுப்பு. ஜெனிபரிடம் சொல்லி எனக்குப் பின் வரிசையில் ஓர் ஓரமாக இடம் பிடிக்கச் சொல். முன்னால் உட்கார்ந்து நான் அழுதால் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள்.