முப்பது மைல் அண்ணாச்சி

உலகத்திலேயே ரயிலை ஓடவிடாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கார்டு அண்ணாச்சிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரை எல்லோருக்கும் அவர் 'முப்பது மைல்'.

அறுபதுகளின் ஆரம்பம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எனக்கு வேலை. மணியாச்சியிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் வருவேன். திடீரென்று அந்த வண்டிக்கு யோகம் அடித்தது. கரி எஞ்சினை எடுத்துவிட்டு, சீமையில் செய்த டீசல் எஞ்சினை மாட்டினார்கள். மணிக்கு ஐம்பது மைல் போகலாமாம்! ஆனால் பின்னால் கோத்தவை வெள்ளைக்காரன் காலத்து மரப்பெட்டிகள். அவற்றுக்கு முப்பதுக்கு மேல் கூடாது என்று உத்தரவு. டிரைவர் அதை மறந்துவிடுவார். அண்ணாச்சி சாகும்வரை மறக்கமாட்டார்.

கடைசிப் பெட்டியில் தனக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். தண்ணீர் தளும்பினால் முப்பதைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம். உடனே கைப்பிரேக்கைச் சுற்றிவிடுவார். முன்னால் டீசல் இழுக்கும், பின்னால் அண்ணாச்சி இழுப்பார், நடுவில் நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவோம்.

"அண்ணாச்சி, ஆபீசுல என் சீட்டைக் கிழிச்சிருவாவ. கொஞ்சம் விடுங்களேன்!"

"பொட்டிக்கு முப்பதுதான்வே. அவசரம்னா எறங்கி ஓடும்."

ஒருநாள் மேலதிகாரி ஒருவர் எங்களோடு வந்தார். அண்ணாச்சி பிரேக்கைச் சுற்றினார். அதிகாரியின் காப்பி அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"யாரைக் கேட்டு பிரேக் போட்டீர்?"

"முப்பதுன்னு உத்தரவு போட்டது நீங்கதானய்யா? உள்ள இருக்கது பருத்தி மூட்டை இல்ல, மனுஷங்க!"

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்ப அன்றிலிருந்து ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் காரணம் ஒருநாள் கடம்பூர் ஸ்டேஷனில் வந்து ஏறியது. நிறைமாதப் பெண் ஒருத்தி, இடுப்புவலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஆடு மேய்க்கிற அவள் புருஷன் அண்ணாச்சியின் காலில் விழுந்துவிட்டான். நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். நான் அவர் சட்டையையே பிடித்துவிட்டேன்.

"ஓய், ஒரு பிள்ள சாகக் கெடக்கா. இன்னைக்கும் முப்பதுதானா? நீரு மனுஷன்தானா?"

"பொட்டிக்கு முப்பதுதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவரோ என்னைத் தள்ளிவிட்டு எஞ்சினைப் பார்த்துக் கத்தினார்.

"எஞ்சினுக்கு அம்பதுல்லா? பொட்டியைக் கழத்துங்கலே! அந்தப் பிள்ளையை எஞ்சின்ல ஏத்துங்க!"

ஸ்டேஷன் மாஸ்டர் ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது? டிரைவர், அந்தப் பெண், புருஷன் மூவரோடும் எஞ்சின் தனியாகப் பறந்தது. தலையில்லாத ரயிலில் நாங்கள் உச்சி வெயில்வரை கிடந்து வெந்தோம். நான் அண்ணாச்சியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசினேன்.

எஞ்சின் திரும்பி வந்ததும் டிரைவர் எட்டிப் பார்த்துக் கூவினார்: "பொட்டப்பிள்ள! ரெண்டு உயிரும் தப்பிச்சுட்டு!"

அடுத்த வாரமே கோவில்பட்டி ஸ்டேஷனில் விசாரணை. அதே அதிகாரிதான். ஒரே ஒரு பயணி அன்றைக்குக் கஷ்டப்பட்டேன் என்று சொன்னால் போதும், அண்ணாச்சியின் வேலை காலி. அவரோ மன்னிப்புக் கேட்கிற ஜாதியே இல்லை. "இன்னொரு பிள்ள வந்தாலும் கழத்துவேன்" என்று விறைத்து நின்றார்.

முதலில் ஜவுளிக்கடை பாயைக் கூப்பிட்டார்கள். "கஷ்டமா? வீட்டுலகூட அப்படி நிம்மதியாத் தூங்கினதில்லய்யா."

அடுத்து வெள்ளரிக்காய் விற்கிற அம்மாள். "கூடைக்காயும் அங்கனயே வித்துப் போச்சு. வாரா வாரம் கழத்தச் சொல்லுங்க சாமி!"

கடைசியில் நான். அதிகாரி முகத்தில் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அண்ணாச்சியை அதிகமாக ஏசியவன் நான்தான் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கிடந்து அவதிப்பட்டீர்கள்?"

"அவதியா? எனக்கு வண்டி நின்னதே தெரியாதுய்யா."

அதிகாரி எங்களை முறைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அண்ணாச்சியின் வேலை தப்பியது. நன்றி சொல்வார் என்று பார்த்தால், வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"ஏன்வே பொய் சொன்னீரு? அன்னைக்கு என்னை என்ன ஏச்சு ஏசினீரு!"

அந்த மனுஷன் இல்லாத வண்டியில் நேரத்துக்குப் போய் நான் என்ன செய்ய?