பதினேழு தப்பு

தன்னுடைய தப்புப்பறை அடியை இசைக்குறிப்பின் ஐந்து கோட்டுக்குள் ஏற்றாமல் ஓய்வதில்லை என்று திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தான் கிஷாந்த். தேயிலை பெக்டரியில் அவன் மெசின்காரன், மனதுக்குள் மகாவித்துவான். மனைவி பூரணி படித்த கொன்வன்டில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர், கலைவிழாவில் பிள்ளைகள் அவனுடைய அடியையே அடிக்கட்டும் என்றிருந்தார். ஒரே நிபந்தனை: சனிக்கிழமைக்குள் இசைக்குறிப்பாக எழுதி அனுப்ப வேண்டும். வராவிட்டால் வழக்கம்போல் கோலாட்டம்.

“நான் எழுதித் தரவாங்க?” என்றாள் பூரணி.

“பென்சிலாலயா? லயத்து வீட்டுல பொறந்தவனுக்கே லயம் சொல்லித் தர்றியா? மொதல்ல நல்ல சொப்ட்வெயாரா தெரிவு செய்யணும் புள்ள.”

ஒரு வாரம் லீவு போட்டான். மடிக்கணினி கிடைத்தது, மடிதான் கிடைக்கவில்லை. மூன்று மாத மகள் லோஜினி அங்கே நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தாள். இறக்கினால் மலையே அதிரும். ஆகவே கணினி மாவு டின்னின் மேல் ஏறியது.

முதல் சொப்ட்வெயாரில் நூற்றிருபது வாத்தியம். தப்பு இல்லை. இரண்டாவது, தப்புக்குப் பதிலாகக் கோயில் மணி வேண்டுமா என்று கேட்டது. மூன்றாவது தமிழிலேயே பேசியது. முழங்காலில் சாய்த்த தப்பை அவன் மெல்லத் தட்ட, அது கேட்டு எழுதிக்கொண்டே போனது. திடீரென்று சிவப்பில் ஒரு வரி: ‘நான்காம் கட்டத்தில் தப்பு.’

“பூரணி! ஓடியா! இதுக்கு நம்ம தப்பு தெரியுது!”

பூரணி திரையைப் பார்த்தாள். மடியில் தூங்கும் மகளைப் பார்த்தாள்.

“தட்டுங்க,” என்றாள்.

தட்டினான். வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு.

“பதினேழு தப்பையும் கண்டுபுடிச்சிருச்சு! தப்பில்லாத எடமே இல்ல!”

“ஆமாங்க, தேடுனாலும் கெடைக்காது.”

சனிக்கிழமை விடிந்தது. சேமிக்கப் போனான். ‘தப்புகளை நீக்கினால் மட்டுமே சேமிக்கலாம்.’

“என்ன அநியாயம்! தப்ப நீக்கிட்டா அப்புறம் என்ன இருக்கு?”

“அது வாத்தியம் இல்லீங்க. பிழை. நாலு அடி வைக்கிற கட்டத்துல நீங்க அஞ்சு வச்சிருக்கீங்க.”

கிஷாந்துக்கு முகம் வெளுத்தது. “ஐயோ, இன்னைக்குத்தானே கடைசி நாள்! என் அடி போச்சே!”

“பதறாதீங்க. திங்கக்கெழமையே பென்சிலால எழுதி, போட்டோ புடிச்சு சிஸ்டருக்கு அனுப்பிட்டேன். புள்ளைங்க அடிச்சுப் பழகுறாங்களாம்.”

“அப்ப ஏன்டி இந்த வாரம் பூரா என்னத் தட்ட விட்ட?”

பூரணியின் குரல் இறங்கியது. “பொறந்ததுலருந்து புள்ளைக்கு மூச்சு வருதா, மூச்சு வருதான்னு பாத்தே எனக்குத் தூக்கம் போச்சுங்க. நீங்க தட்டுனா அவ தூங்குறா. நீங்க மடியில வச்சிருந்தா எனக்குப் பயமில்ல. இந்த வாரந்தான் கண்ண மூடுனேன். ஆண்டவருக்கும் ஒங்களுக்கும் கோடி நன்றி.”

கிஷாந்த் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வித்துவானுக்குரிய கம்பீரத்தோடு நிமிர்ந்தான்.

“சரி, நீயே சொல்லு. கடைசியா எந்த சொப்ட்வெயார எடுக்குறது?”

“என்னங்க அவசரம்?” என்று பாயை விரித்தாள் பூரணி. “இன்னும் நாலஞ்சு இருக்குமே, ஒவ்வொன்னா தட்டிப் பாருங்க.”