அடுத்தவர் கோட்டைக்கு ராஜா

பொருளுக்கு உரிமையாளர் என்று ஒருவர் உண்டு, இரவல் வாங்குபவர் என்று ஒருவர் உண்டு, திருடுபவரும் உண்டு. இந்த மூவரையும் சட்டம் அறியும். நான்காவதாக ஓர் இனம் இருக்கிறது. அதைச் சட்டம் அறியாது, நீங்கள் அறிவீர்கள். யாரோ போட்டுவிட்டுப் போன பொருளை எடுத்துத் தூசி தட்டி, துடைத்து, எண்ணெய் விட்டு, 'நான் மட்டும் இல்லாவிட்டால் இது என்ன ஆகியிருக்கும்?' என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி, பிறகு மெல்ல மெல்ல, நாள் நட்சத்திரம்கூடப் பார்க்காமல், அதற்கு ராஜாவாகிவிடுகிறவர். இவருக்குக் 'காப்பாற்றியவர்' என்று பெயர். வைத்தவரும் இவரே.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. இவர் காப்பாற்றியது ஓர் ஊரை.

ஊர் என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற ஊர். கோட்டை, சதுக்கம், கிணறு, கிணற்றடியில் பெஞ்சு எல்லாம் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக அங்கே கூடுவார்கள். அந்த ஊர் இருந்தது, விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரில். ஒரு நாள் நிறுவனம் 'இனி கட்டுப்படியாகாது' என்று சர்வரை அணைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு எல்லோர் கையிலும் இருந்தது. போய்ச் சேர ஊர் இல்லை. நம்மவர் இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்த ஊரை மறுபடி எழுப்பினார்.

நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? 'மூடினாலும் கடை எங்களுடையது' என்கிறது நிறுவனம். 'கொடுத்த காசுக்கு விளையாட விடு' என்கிறார்கள் விளையாடுகிறவர்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவன் நான். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள வழக்குதான் பேரன் காலம்வரை போகும். அது போகட்டும். நான் சொல்ல வந்தது ராஜாவைப் பற்றி.

முதல் ஆண்டு 'நம்ம ஊர்' என்றார். மூன்றாம் ஆண்டு 'நான் பாத்துக்கற ஊர்'. ஐந்தாம் ஆண்டிலிருந்து 'என் ஊர்'. தேதி வேண்டுமானால் தருகிறேன், குறித்து வைத்திருக்கிறேன். மூன்றே மூன்றாக இருந்த விதிகள் அறுபத்தொன்றாயின. சதுக்கத்தில் நிறுவனம் நிறுத்தியிருந்த வீரன் சிலைக்கு வாளும் கேடயமும் அப்படியே இருக்க, முகம் மட்டும் ஒரே வாரத்தில் மாறிப்போனது. மூக்குக்கண்ணாடி போட்ட மாவீரனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நாற்பத்து நான்காம் விதி: சிலை அருகே யாரும் குதிக்கக் கூடாது.

போன மாதம் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நான் பத்திரம் படித்தவன் என்பதால் அதை எடுத்துக்கொண்டு மாடியேறி என்னிடம் வந்தார்.

"பாருங்க சார், இந்த அநியாயத்தை!"

பார்த்தேன். ஊரைத் தாராளமாக நடத்திக்கொள்ளலாம். 'எல்லாம் நிறுவனத்தின் சொத்து, என்னுடையது எதுவுமில்லை' என்று முப்பதாம் தேதிக்குள் கையெழுத்திட வேண்டும். சிலைக்குப் பழைய முகத்தை வைக்க வேண்டும். இல்லையேல் ஊரை மூடிவிட வேண்டும்.

"நல்ல கடிதமாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்ல கடிதமா? அவங்க தூக்கி எறிஞ்சாங்க, நான் தூக்கி நிறுத்தினேன். இப்ப வந்து எங்களுதுங்கறாங்க. தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான்கற கதையால்ல இருக்கு!"

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. இவருடைய மனைவியின் தம்பிக்கு, கம்ப்யூட்டர் கெட்டால் உதவட்டும் என்று ஊரை நகலெடுத்து வைக்கும் வேலை. அவன் சிலைக்கு ஒரு மழைத்தொப்பியை மாட்டிவிட்டான். ராஜா ஏழு நாள் ஊர்விலக்கு விதித்தார். எட்டாம் நாள் அவன் திரும்பி வரவில்லை. கையிலிருந்த நகலை வைத்துத் தன் வீட்டிலேயே அதே ஊரைத் திறந்துவிட்டான்.

ராஜா கொதித்துப்போனார். உடனே நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு கடிதங்களின் நகலும் என்னிடம் உள்ளன. வரிக்கு வரி ஒப்பிட்டேன். நிறுவனத்தின் கடிதத்தையே எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். 'எமது அரிய உழைப்பில் உருவான சொத்து' அப்படியே. 'அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம்' அப்படியே. அவசரத்தில் கடைசி வரியும் அப்படியே.

மைத்துனன் போன் செய்தான். ராஜா ஸ்பீக்கரில் போட்டதால், அவர் வீட்டில் இருந்த நானும் கேட்டேன்.

"மாமா, மூணாவது மாடியில இருக்கற எங்க அலுவலகத்துக்கு நேர்ல வந்து விளக்கம் கொடுன்னு போட்டிருக்கீங்க. உங்க கட்டடத்துக்கு ரெண்டு மாடிதானே? தண்ணித் தொட்டிகிட்ட வந்து நிக்கவா?"

"டேய், விளையாடறியா?"

"விளையாடத்தானே மாமா இதெல்லாம்!"

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவங்க போட்டதை நீங்க எடுத்தீங்க. நீங்க எடுத்ததை அவன் எடுத்தான். இதுல யாரு யாரைத் திட்டறது? காலை நகர்த்துங்க, வயர் மாட்டுது."

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றும் உண்டு. அந்த ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி நர்ஸ். அவள் தங்கை வேறு தேசத்தில். காலை டியூட்டி முடிந்து வந்ததும் இருவரும் கிணற்றடிப் பெஞ்சில் சந்திப்பார்கள். ஆறு ஆண்டாக ஒரே பெஞ்சு. முப்பதாம் தேதி நெருங்க, அவள் ராஜாவுக்கே போன் செய்தாள்.

"அண்ணா, ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்கண்ணா. சிலை போனா போகட்டும்."

"சிலைக்காகன்னா நினைக்கறே? கொள்கைம்மா! கொள்கை!"

"அந்தக் கொள்கை மூக்குக்கண்ணாடி போட்டிருக்கே, அண்ணா."

ராஜா போனை வைத்துவிட்டார். முப்பதாம் தேதி வந்தது, போனது, கையெழுத்து விழவில்லை. மைத்துனனோ அதே படிவத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, 'என்னுடையது எதுவுமில்லை' என்ற இடத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டு, வீரனுக்குப் பழைய முகத்தை வைத்து அனுமதி வாங்கிவிட்டான். இருநூற்றுப் பதினோரு பேர் பெட்டி படுக்கையோடு அங்கே போனார்கள். நர்ஸும் தங்கையும் முதல் வண்டி.

ராஜா இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஆளில்லாத ஊரில் தன் சிலையோடு பதினோரு நாள் தனியாக உலாவினார். நாற்பத்து நான்காம் விதியை மீற ஓர் ஆள்கூட இல்லை. விதிக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

பன்னிரண்டாம் நாள் மைத்துனன் ஊரில் புதுப் பெயரில் ஒருவர் நுழைந்தார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல், "இந்தக் கிணத்தை யாரு ரெண்டடி தள்ளி வச்சது?" என்று கேட்டார். பிறகு நான்கு புது விதிகளை முன்மொழிந்தார்.

"வாங்கண்ணா," என்று எழுதினாள் நர்ஸ். "பெஞ்சுல இடமிருக்கு."

வந்தவர் கிணற்றை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார். இப்போது தினமும் வருகிறாராம். பெஞ்சின் ஓரத்தை, 'என் இடம்' என்கிறாராம்.

இதை எழுதி முடித்துத் தாளில் கோடு போட ஸ்கேலை எடுத்தேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து என்னிடம் இருக்கும் மர ஸ்கேல். அதில் என் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. தாளின் ஓரம் பிய்ந்திருந்தது. அடியில் அலுவலக முத்திரை எட்டிப் பார்த்தது. அதனால் என்ன? அங்கே இருந்திருந்தால் இதற்குள் கரையான் தின்றிருக்கும். பசை தடவி நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டேன்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு குடை தொங்குகிறதே, கம்பி உடைந்தபோது நீங்களே செலவழித்துச் சரிசெய்த குடை, யாராவது கேட்டால் 'என் குடையைத் தொடாதே' என்பீர்களே, அந்தக் குடை. அதை முதன்முதலில் உங்கள் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு வந்தது யார்?