மலையபிமானியின் ஜீப்

செய்தி காலை ஏழரை மணிக்கு வந்தது. விடுதிக்கார அக்கா அப்போது மலையபிமானிக்குச் சர்க்கரை போடாத காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மலையபிமானி யாரென்றா கேட்கிறீர்கள்? மலைவாசிகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. மலைக்கு வந்துபோகிற இந்த இனத்தைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். விடுமுறை தொடங்கியதும் சமவெளியிலிருந்து கூட்டமாக இடம்பெயர்வார்கள். முழுக்கப் பைகளாலேயே தைத்த கால்சட்டை, கழுத்தில் இனக்குறியாகக் கேமரா, எதைப் பார்த்தாலும் "இன்னும் கெடாம இருக்கு" என்றொரு மந்திரம். ஒருமுறை வந்தவர் ரசிகர். இருமுறை வந்தவர் நிபுணர். நம்மவரோ ஆண்டு தவறாமல் வருபவர். ஆகவே அந்த மலையில் பிறந்தவர்களுக்கே எது அவர்கள் வழக்கம், எது இல்லை என்று எடுத்துச் சொல்வார். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒளித்துவைக்கச் சொன்னவர் அவர்தான். தாம் உட்காரும் நாற்காலிக்கு மட்டும் விலக்கு.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த அக்காவின் தம்பி இறந்துபோயிருந்தான். மாலையில் மழை பிடித்தால் பாதை மூடிவிடும். அதற்குள் மேலே கொண்டுவராவிட்டால், கீழேயே ஊர் பேர் தெரியாதவர்கள் பக்கத்தில் அவனைப் புதைக்க வேண்டியதுதான். மலையில் இருந்ததோ ஒரே ஜீப். அதை அன்று முழுவதற்கும் மலையபிமானி பேசிவைத்திருந்தார், தம் கூட்டத்தாருக்கு அருவியைக் காட்ட.

அக்கா காபியை அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"ஐயா, தம்பி போயிட்டான். ஜீப்பு வேணும். அவன மேல கொண்டாரணும்."

மலையபிமானி கண்ணாடியைக் கழற்றினார். வருத்தப்படும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"அடடா. ஆனா உங்க வழக்கத்துல தோள்லதானேம்மா சுமப்பீங்க? நீங்களே வண்டியில ஏத்திட்டா, அப்புறம் உங்க பண்பாட்ட யாரு காப்பாத்துறது?"

"அது வீட்டுலேருந்து இடுகாட்டு மேடு வரைக்குங்க. ஆஸ்பத்திரி நாப்பது கிலோமீட்டர் கீழ இருக்கு."

"அந்தக் காலத்துல நடந்தேதானே வந்தாங்க?"

"அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஏதுங்க? இங்கயே செத்தாங்க."

அரிய தகவல். அதைச் செல்போனில் பதிவுசெய்ய, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா வாசலில் இறங்கினாள். ஜீப் ஓட்டுகிற அவள் கொழுந்தன் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

"அண்ணி, ஏறுங்க."

"ஏம்ப்பா, பேசிட்டிருக்கோம்ல? அப்ப நாங்க அருவிக்கு எப்படிப் போறது?"

"நடந்தே போங்க சார். போன வருசம் நீங்கதான் சொன்னீங்க, ஆயிரம் வருசத்துப் பாதைன்னு."

மலையபிமானி போகவில்லை. அருவி எங்கே போய்விடும்? சாவு தினமும் கிடைக்குமா? நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து, இவர்களுக்குச் சாவு என்பது துக்கமே அல்ல, அதுவும் ஒருவகைக் கொண்டாட்டம் என்று தம் கூட்டத்தாருக்கு விளக்கினார். அதை நிரூபிக்க அன்று மலையில் யாரும் ஒத்துழைக்கவில்லை.

தூறல் விழத் தொடங்கும்போது ஜீப் வந்து சேர்ந்தது. தம்பியை இறக்கி, நீலத் தார்ப்பாயால் மூடி, தோளில் தூக்கினார்கள். தோளைக் கண்டதும் மலையபிமானிக்குக் கண் கலங்கியது. கேமராவை எடுத்தார். உடனே முகம் சுருங்கியது.

"அம்மா, ஒரே நிமிஷம். அந்த நீலத்த மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்களேன். படத்துல உறுத்துது."

அக்கா தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து, தம்பியின் காலையும் சேர்த்து மூடினாள்.

"நனைஞ்சிருவான், ஐயா."

இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது.

சிரித்தீர்களா? நல்லது. போன விடுமுறைக்கு எங்கே போனீர்கள்? அந்தப் பக்கம்தான் என்றால் உங்கள் செல்போனிலும் அந்த விடுதியின் குளியலறைக் கதவு இருக்கும்: கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி வெறும் மரம். 'மலைமக்களின் தனி வண்ணக்கலை' என்று நீங்கள் எழுதிப் போட, நானூறு பேர் ஆமோதித்திருப்பார்கள். அது கலையல்ல. தம்பி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்துவிட்டது. மேல்பாதிக்கு இன்னும் யாரும் அடிக்கவில்லை.