நாலாவது கட்டில் கால்

பரளச்சி,
6-2-1945.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை தாவீதுராஜ் அவர்களுக்கு, அத்தான் அமிர்தராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வண்டிமாடு இரண்டும் சுகம். திருச்சுழியில் நீரும், உம் மனைவி இன்பராணியும், பிள்ளைகளும், இருபத்தாறு நாளாக உம் வீட்டில் தங்கியிருக்கும் உம்முடைய அக்காளும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். அக்காளுக்காக ஜெபிக்கையில் சுகத்தைத் தவிர வேறெதையும் சேர்த்துக் கேட்பதில்லை என்று அவளிடம் சொல்லிவிடவும். எழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தால் எனக்குக் கண் மங்கிவிட்டதென்று நினைக்க வேண்டாம். நான் உட்கார்ந்து எழுதுகிற பலகைக்கு ஒரு பக்கம் மண்ணெண்ணெய் டின்னும் மறுபக்கம் ஒரு கட்டையும் முட்டுக் கொடுத்திருக்கிறேன். டின் நசுங்கிவிட்டது. வேறு டின் இருந்தது. அது போன கதையைத்தான் எழுத வருகிறேன்.

சண்டை போட்டுவிட்டு வந்ததாக உம் அக்காள் சொல்லியிருப்பாள். சண்டை நடக்கவில்லை. உள்ளறையில் படுத்திருந்தவள் காலை நீட்டினாள், கிணற்றுக் கமலை உருளையில் இடித்துக்கொண்டாள், மடக்கித் திரும்பினாள், குடைக்கம்பிக் கட்டு முதுகில் குத்தியது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? இருட்டில் திரும்பிப் படுக்கும்போது பார்த்துத் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து, "இந்த அறையில நான் காலை நீட்டிப் படுக்க என்னைக்கு எடம் கெடைக்குதோ, அன்னைக்கு வாரேன்"னு சொல்லிவிட்டு, விடிந்ததும் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த அறையில் இருந்ததெல்லாம் குப்பை என்பது அவள் கட்சி. நான் கேட்கிறேன், யுத்தம் வந்த பிறகு அருப்புக்கோட்டை டவுனில் ஒரு பிடி ஆணி கிடைக்கிறதா? என் பால்டின்னில் வளைந்த ஆணி முந்நூற்றுக்கு மேல் இருந்தது. எங்கள் சபை ஐயரே ஒருநாள் இரண்டு ஆணிக்கு ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை, எதற்கு என்று எழுதிக் கேட்டிருந்தேன், பதில் வரவில்லை. பூட்டுகள் ஒரு டப்பாவிலும் சாவிகள் இன்னொரு டப்பாவிலும் முறையாகத்தான் வைத்திருந்தேன். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று பார்க்க ஒருநாள் ஒழிவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உம் அக்காள் போனதற்காக இல்லை, என் சொந்த விருப்பத்தில், போன வியாழக்கிழமை காலையில் அறையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். இதற்கு நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் வாசலில் கொண்டுபோய் மூன்று குவியலாகப் போடுவது: வேண்டியது, வேண்டாதது, யோசிக்க வேண்டியது. மத்தியானத்துக்குள் வேண்டாத குவியலில் ஒரு செத்த பல்லி இருந்தது. வேண்டிய குவியலில் பதினெட்டுச் சாமான். மற்றதெல்லாம் யோசிக்க வேண்டியதில் சேர்ந்து கூரை உயரத்துக்கு வந்துவிட்டது. அதன் உச்சியில், கயிற்றால் கட்டின மூன்று கட்டில் கால்கள்.

அந்தக் கால்களைப் பற்றி உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உம் தகப்பனார் தம் கையால் இழைத்து மகளுக்குச் சீராகக் கொடுத்த கட்டில். பத்தொன்பது வருஷத்துக்கு முன் நாங்கள் வீடு மாறியபோது அதைக் கழற்றி வண்டியேற்றி வந்தவர் நீர். சட்டம் வந்தது. மூன்று கால் வந்தது. நாலாவது கால் வரவில்லை. அதற்கடுத்த கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு உம் வீட்டுக்கு வந்தபோது இன்பராணி உளுந்துச் செடியை ஒரு கட்டையால் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதில் கட்டில் காலைப் போலவே கடைசல் வேலை இருந்தது. பத்தொன்பது கிறிஸ்துமஸாக உம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கட்டையைப் பார்த்து வருகிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கட்டில் நின்றிருந்தால் சாமான்களைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருப்பேன், அவள் மேலே படுத்திருப்பாள். நிற்காததால் அந்த இடத்தில் சாமான் சேர்ந்தது. ஆகவே இந்த அறை இப்படி ஆனதற்கு மூலகாரணம் யார் என்று நீரே கூட்டிப் பார்த்துக்கொள்ளும்.

குவியலைப் போட்டுவிட்டு வியர்வை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அறுப்பின் பண்டிகைக்கு முதல்நாள் உபதேசியார் பாட்டுக்காரர்களோடு வண்டி கொண்டுவந்து, அவரவர் வாசலில் எடுத்து வைத்திருக்கிற காணிக்கையை ஜெபம் பண்ணி ஏற்றிக்கொண்டு போவது எங்கள் சபை வழக்கம். யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. வாசலில் இருந்தால் அது ஆண்டவருக்கு. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்குத்தான் அந்த நாள் என்பது தெரியவில்லை. இந்த வீட்டில் நாளும் கிழமையும் சொல்லுகிறவள் உம் வீட்டில் இருக்கிறாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பாட்டுக் கேட்டது, நானும் இரண்டடி சேர்ந்து பாடினேன். ஈரத் துண்டோடு வந்து பார்த்தால் வாசல் சுத்தமாக இருக்கிறது. பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள். செத்த பல்லியையும் காணோம். உபதேசியார் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "பெரியவரே, ஒரு வண்டிக் காணிக்கைய இந்தச் சபையில யாரும் குடுத்ததில்ல"ன்னு என் ஈரத் தலையில் கையை வைத்து ஜெபித்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? ஆமென் என்று சொன்னேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஏலம். எல்லாவற்றையும் நானே திருப்பி எடுப்பது என்றுதான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் சபையில் ஏலம் காசில் இல்லை, கம்பு தானியத்தில்தான் கேட்பது. படி, மரக்கால் கணக்கு. ஏலம் விடுகிறவன் சின்னத்துரை, அவன் வாய் உமக்குத் தெரியும். முதலில் ஆணி டின்னை எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயரே ஒரு மரக்கால் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கேட்க மறந்துவிட்டது. கமலை உருளைக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். டின்னெல்லாம் வரிசையாகப் போயிற்று. பூட்டையும் சாவியையும் சேர்த்து எடுத்த சோலை அங்கேயே குந்தி ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து, நாலு பூட்டைத் திறந்துவிட்டான். ஒவ்வொன்று திறக்கும்போதும் சனம் கைதட்டியது. குப்பை என்று சொன்ன சாமானுக்குப் பண்டிகைச் சேவலை விட அதிகம் கேட்டார்கள் மாப்பிள்ளை. ஒவ்வொன்றும் போகப் போக நான் எழுந்து நின்று பார்த்தேனே தவிர, ஒன்றுக்கும் கேட்கவில்லை.

கடைசியில் சின்னத்துரை அந்தக் கால் கட்டைத் தூக்கினான். "கட்டில் காலு மூணு. நாலாவது காலு பரலோகத்துல இருக்கு. யாருக்கு வேணும்?" என்றான். நான் ஒரு படி என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ரெண்டு படி என்றார்கள். அடுத்த வீட்டுப் பெத்தம்மாள் அடுப்பெரிக்கக் கேட்கிறாள் என்று எண்ணி, விடக்கூடாதென்று அரை மரக்கால் என்றேன். அங்கே ஒரு மரக்கால். நான் ரெண்டு. அங்கே மூணு. நான் நாலு. அங்கே அஞ்சு. சனமெல்லாம் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. நான் ஆறு என்றதும் சின்னத்துரை பெண்கள் பக்கம் பார்த்து, "அம்மா, கேக்குறது சரி, ஒங்க கம்பு எங்க இருக்கு?" என்றான்.

"இந்தத் தெருவுலதான். எங்க வீட்டுக் குலுக்கையில."

அந்தக் குரலுக்குத் திரும்பினேன். முக்காட்டை விலக்கிக்கொண்டு உம் அக்காள் ஞானப்பூ நின்றிருந்தாள், பக்கத்தில் இன்பராணி. பண்டிகைக்கு வந்திருந்தாளாம். சின்னத்துரை விடுகிறவனா? என்னிடம் திரும்பி, "அய்யா, ஒங்க கம்பு?" என்றான்.

"அதே குலுக்கைதான்."

ஐயர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் குலுங்கியது. உம் அக்காள் மட்டும் சிரிக்காமல், "எங்க அய்யா இழைச்சுக் குடுத்த காலு. இவுக கோயிலுக்குக் குடுத்துட்டாக. நான் கோயிலுக்குக் குடுத்து வாங்கிக்கிடுறேன். ஏழு மரக்கால்"னாள். விதைக்கு ஒதுக்கினது போகத் தானியக் குலுக்கையில் இருந்தது ஏழே மரக்கால். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் நிறுத்தினேன், விட்டுக்கொடுத்ததாக அவள் நினைக்க வேண்டாம். போய் இருபத்திரண்டு நாள் கழிந்த பின்னும் அவள் அதை எங்க வீடு என்றுதான் சொன்னாள் என்பதைக் குறித்துக்கொண்டேன். கால்களை உம் வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். கனமாயிருந்தது, அதனால்.

சாயங்காலமே சபையார் சாக்கோடு வந்து குலுக்கையை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது உள்ளறையில், வெளியே தூக்காமல் சுவரில் சாய்த்துவிட்ட கட்டில் சட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. நடுவில் படுத்துக் காலை நீட்டினேன், இடிக்கவில்லை. கையை விரித்தேன், அதுவும் இடிக்கவில்லை. இருமினால் அறை திருப்பி இருமுகிறது. இடம் வேண்டும் என்றவள் அங்கே, இடம் இங்கே. இது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். மூன்று கால் உம் வீட்டில் இருக்கிறது. நாலாவது பத்தொன்பது வருஷமாக உம் வீட்டில் இருக்கிறது. நாலையும் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடவும். ஆளை அனுப்பும்படி நான் கேட்கவில்லை, கால்களைத்தான் கேட்கிறேன். உளுந்தடிக்க இன்பராணி வேறு கட்டை பார்த்துக்கொள்ளட்டும். அனுப்பாவிட்டால் வருகிற கிறிஸ்துமஸுக்கு உம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

உம் வீட்டின்மேலும் நிலத்தின்மேலும் ஆடுமாடுகளின்மேலும் ஆண்டவருடைய ஆசீர்வாதம் தங்குவதாக. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
ம. அமிர்தராஜ்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டபின் மைப்புட்டி உருண்டு பலகைக்கடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். டின்னுக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்திருந்த கட்டையில் கடைசல் வேலை இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன். உம் தகப்பனார் கைவேலைதான். பத்தொன்பது வருஷமாக உமக்கு எழுதிய கடிதமெல்லாம் இதன்மேல் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மேலே எழுதினதைக் கிழித்துவிடலாம். ஆனால் காகிதம் கிடைக்காத காலம், எழுதினதை எறிகிற பழக்கமும் எனக்கில்லை. நீர் என்றாவது உண்மையிலேயே தப்புச் செய்தால் அதற்கு வைத்துக்கொள்ளும். இதைத் தரையில் வைத்து எழுதுகிறேன். சனிக்கிழமை நாலாவது காலோடு வண்டி கட்டி வருகிறேன். மூன்று கால்களும், அவற்றை ஏலத்தில் எடுத்தவளும் புறப்பட்டு இருக்கட்டும். வண்டியில் இடம் இருக்கிறது. வீட்டிலும் இருக்கிறது.