சுத்தபோசனம் இருந்த எலி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் மட்டக்களப்பு வாவியில் இனி ஒரு மீனும் என் தூண்டிலில் கொத்தாதிருக்கட்டும். என்னிடம் தூண்டில் இல்லை. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

புளியந்தீவில் வாவியோரமாக, மருந்து ஆராய்ச்சி நடக்கும் சின்ன வீடொன்று. அங்கே எலிகளைப் பராமரிப்பவர் ஹெக்டர். சனிக்கிழமை காலை அவர் அறையைத் திறந்தபோது ஒரு கூட்டின் மூடியில் ஓட்டை இருந்தது. எலி இருக்கவில்லை.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து, ஆராய்ச்சியை நடத்தும் டொக்டர் றொசானி வருகிறார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஹெக்டரின் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி வீட்டிலிருந்து மனைவி செசீலியாவுக்குத் தேங்காய் துருவ வேண்டியதுதான். ஹெக்டருக்கு முன் அந்த வேலையில் இருந்த உதயரூபன் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் காலத்தில் ஒரு எலிகூடச் சாகவில்லை என்று டொக்டர் அடிக்கடி சொல்வார்.

அவை சாதாரண எலிகளும் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டொக்டர் விளக்கியிருந்தார்.

"மருந்துக் குளிசை போட்டா அதைக் கரைக்கிறது ஈரல், ஹெக்டர். எலிட ஈரல் கெதியாக் கரைச்சுப்போடும். மனுஷன்ட ஈரல் ஆறுதலாக் கரைக்கும். அதனால சாதாரண எலியில மருந்தைப் பாத்து மனுஷனுக்கு அளவு சொல்லேலாது. இதுகள்ட ஈரல்ல எலிட மரபணுவை எடுத்துப்போட்டு மனுஷன்ட மரபணுவ வச்சிரிக்கு."

ஹெக்டரின் நெஞ்சில் 'மனுஷன்' என்ற பகுதி மட்டும் தங்கியது. அன்றிலிருந்து எலிகளை 'நீங்க' என்றுதான் அழைத்தார். கூட்டைத் திறக்குமுன் தட்டினார். தவக்காலம் வந்தது. தீனியில் எலும்புத்தூள் கலந்திருப்பதை மூட்டையில் வாசித்தவர், வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் அவித்த பயறு மட்டும் வைத்தார். ஈரல் மட்டும் மனுஷனுடையதாக இருந்தாலும், மச்சம் தொடாத சுத்தபோசனம் முழுசாகத்தான் இருக்க வேண்டும்.

ஓர் எலிக்கு அவ்வளவு பக்தி இல்லை. மூடியைக் கடித்து ஓட்டை போட்டுக்கொண்டு போய்விட்டது.

ஹெக்டர் காத்தான்குடிக்கு பஸ் ஏறினார். அங்கே நௌஷாட் மீன்தொட்டியும் லவ்பேர்ட்ஸும் வெள்ளை எலியும் விற்கிறவர்.

"ஒரு எலி வேணும் தம்பி. ஆண். ஒழுக்கமானதா."

"என்ட எலியெல்லாம் ஒழுக்கம்தான் அண்ணன். பிள்ளையளுக்கு விளையாடவா?"

"உத்தியோகத்துக்கு."

நௌஷாட் சிரிக்கவில்லை. "விளங்குது" என்றார்.

"வெள்ளிக்கிழமையில எலும்புத்தூள் தின்னுமா?"

"எல்லா நாளும் தின்னும். நோன்பு எங்களுக்குத்தான் கடமை, எலிக்கில்ல."

மூடியின் ஓட்டையை அடைத்து, புதிய எலியைக் கூட்டில் விட்டுவிட்டு, தீனி மூட்டையை அவிழ்த்தார் ஹெக்டர். உள்ளே, காணாமற்போனவர் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மல்லாந்து படுத்திருந்தார். சந்தோஷத்தில் ஹெக்டர் அவரைத் தூக்கி அவருடைய கூட்டிலேயே விட்டார். மூடியை மூடிய பிறகுதான், அந்தக் கூட்டில் ஏற்கெனவே ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது.

இரண்டுக்கும் ஒரே பருமன், ஒரே சிவந்த வால், வலக்காதில் ஒரே சின்ன வெட்டு.

"உங்கள்ல ஆர் புதுசு?" என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டும் மீசையை ஆட்டின.

ஞாயிறு பூசை முடிந்து செசீலியா வந்து பார்த்தார்.

"இதுக்கா இந்த முழி? டொக்டர் தந்த குளிசை கிடக்குதானே, அதக் குடுங்க."

அது பகலில் குட்டித் தூக்கம் போடுகிறவர்களுக்கான குளிசை. போன வருஷம் இதே எலிகளில் சோதித்து அளவு தீர்மானித்தது. ஒன்று போட்டால் ஒரு மணித்தியாலம் உறங்கி, துள்ளி எழும்பலாம்.

"சும்மா எலியெண்டா கெதியா எழும்பிரும். மனுஷ ஈரல் உள்ளது மனுஷனோடதான் எழும்பும்" என்றார் செசீலியா.

"மனுஷன் எப்ப எழும்புவான் எண்டு தெரிய வேணுமே?"

"மறுகா நீங்க என்னத்துக்கு இரிக்கிறீங்க?"

எருமைத் தயிரில் குளிசைத் தூளைக் குழைத்து எலிகளுக்கு வைத்தார்கள். ஹெக்டர் ஒரு குளிசையை விழுங்கிவிட்டுக் கூட்டருகே பாய் விரித்தார். மூவரும் உறங்கினார்கள்.

செசீலியா இரண்டாவது பிளேன்ரீயைக் குடித்து முடிக்க, சரியாக ஒரு மணித்தியாலத்தில் இரண்டு எலிகளும் ஒன்றாக எழும்பித் தயிர்க் கிண்ணத்தை நக்கின. ஹெக்டர் எழும்பவில்லை. பொழுது சாய்ந்தது, எழும்பவில்லை. கோயில் மணி அடித்தபோது சிலுவை அடையாளம் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"ரெண்டும் எலிதான். நீங்களும் மனுஷனில்ல போல" என்றார் செசீலியா. கேட்க ஆளில்லை.

திங்கள் விடிந்தும் ஹெக்டர் பாயில்தான். செசீலியா நௌஷாட்டுக்குப் போன் எடுத்தார். "தம்பி, உங்கட எலிய வந்து நீங்களே பாத்து எடுத்துப் போங்க. எங்களுக்குப் பிடிபடுதில்ல."

நௌஷாட் வருமுன் டொக்டரின் வாகனம் வந்துவிட்டது. ஹெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். டொக்டர் கூடுகளைப் பார்த்தார்.

"ஒண்டு கூடக் கிடக்கே?"

"குட்டி போட்டிரிக்கும், டொக்டர்."

"எல்லாம் ஆண், ஹெக்டர்."

"தேவ கிருபை, டொக்டர்."

அதற்குமேல் செசீலியாவால் பொறுக்க முடியவில்லை. பயறு முதல் தயிர் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டொக்டர் ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒரு குளிசைக்கா இவ்வளவு நித்திரை?"

"ஒண்டுதான் டொக்டர். நேத்து மத்தியானம்."

"இரிக்கேலாது. இந்த எலியள்ல பாத்துத்தானே அளவு சொன்னம்? கொழும்பில எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினாங்க. எலி ஓடினதுகூடப் பரவாயில்ல ஹெக்டர். எலி பிழை சொல்லாது, அப்ப உங்கட ஈரல்லதான் பிழை. ஈரல் பழுதான ஆள நான் எப்பிடி நிரந்தரமாக்கிற?"

ஹெக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. கொட்டாவியினாலும் இருக்கலாம்.

அந்நேரம் கையில் ஒரு வெறுங்கூட்டோடு நௌஷாட் வந்து சேர்ந்தார்.

"தம்பி, இதுக்குள்ள எது உங்கட எலி? காட்டிருங்க" என்றார் ஹெக்டர்.

நௌஷாட் வரிசையாக இருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கடைசிக் கூட்டருகே நிமிர்ந்தார்.

"எல்லாம் என்டதுதான் அண்ணன். வலக்காதில வெட்டிரிக்கிறது என்ட கடை அடையாளம். உதயரூபன் அண்ணன் ஒண்டொண்டு சாகச் சாக வந்து வாங்கி, போன வருஷத்துக்கு முதல் வருஷமே எல்லாத்தையும் மாத்தி முடிச்சிட்டாரே. அவரும் உத்தியோகத்துக்கெண்டுதான் கேட்டவர்."